இருதலைமணியன் ரயில்

வாஞ்சி மணியாச்சியில் காத்திருப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கே பெட்டிக்குள் உட்கார்ந்திருந்ததும் ஓர் இணைப்பு வண்டிக்காகத்தான். தூத்துக்குடியிலிருந்து வரும் சிலோன் போட் மெயிலோடு சேர்ந்து கொடைக்கானல் பக்கம் போவது அவர் திட்டம். அந்தச் சில நிமிட இடைவெளியில் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் நுழைந்து சுட்டதும், பின்னாளில் ஸ்டேஷன் பெயரோடு அவர் பெயர் சேர்ந்ததும் எல்லாரும் படித்த வரலாறு.

யாரும் படிக்காத பகுதி தண்டவாளத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக வரும் பாதை மணியாச்சியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தூத்துக்குடிக்கு, இன்னொன்று நெல்லைக்கு. இரண்டுமே ஸ்டேஷனின் தெற்குப் பக்கமாகத்தான் வெளியேறுகின்றன. ஆகவே நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் பாசஞ்சர் மணியாச்சிக்குள் வந்து, நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த பக்கமே வெளியே போக வேண்டும்.

ரயிலுக்கு முகம் இன்ஜின். முகம் திருப்புவதென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். பாயிண்ட்ஸ்மேன் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இறங்கி, பிரேக் குழாயைப் பிரித்து, கப்ளிங்கை விடுவிப்பார். இன்ஜின் தனியே முன்னால் போய், பக்கத்து லைனுக்கு மாறி, வண்டியின் முழு நீளத்தையும் தாண்டி மறுமுனைக்கு வந்து மெல்ல இடித்துச் சேரும். மறுபடி கப்ளிங், மறுபடி குழாய், கடைசிப் பெட்டி வரை பிரேக்கில் காற்று ஏறியிருக்கிறதா என்ற சோதனை. நடுவில் எக்ஸ்பிரஸ் ஒன்று வந்துவிட்டால் எல்லாம் அது போன பிறகுதான். நெல்லையிலிருந்து மணியாச்சி ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அங்கிருந்து தூத்துக்குடியும் அவ்வளவே. சாலை வழியே போனால் மொத்தமே ஐம்பதுதான். பஸ்ஸுக்கு முகம் திருப்பும் சோலியும் கிடையாது. தினமும் வேலைக்குப் போகிறவர் எதில் ஏறுவார் என்று சொல்ல ரயில்வே நிபுணர் வேண்டாம்.

இந்தச் சோலியே இல்லாத வண்டி ஒன்று இந்திய ரயில்வேயிடம் முப்பது வருஷமாக இருக்கிறது. டெமு. டீசல் எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட் என்ற நீளப் பெயரை ரயில்வேக்காரர்களே சொல்வதில்லை. கரிசல்காட்டுச் சனங்கள் மண்ணுளிப் பாம்பை இருதலைமணியன் என்பார்கள். வாலும் தலை மாதிரியே மொண்ணையாக இருப்பதால் எது முன், எது பின் என்று தெரியாது. டெமுவும் அந்த ஜாதிதான். இரண்டு முனையிலும் டிரைவர் கேபின். ஊர் வந்து சேர்ந்ததும் லோகோ பைலட் தன் கைப்பிடியையும் பையையும் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் அந்தக் கோடிக்கு நடந்து போவார். முன்னால் இருந்தது பின்னால் ஆகிவிடும். புறப்பட வேண்டியதுதான்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளுக்கு டிரைவிங் பவர் கார் என்று பெயர். அவற்றுள் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு டீசல் இன்ஜின் இருக்கும். அது சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. ஓர் ஆல்டர்னேட்டரைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் அதே பெட்டியின் அடியில் உள்ள மோட்டார்களுக்குப் போய்ச் சக்கரத்தை ஓட்டும். தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து போகிற மின்சார ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வந்தவை 700 குதிரைத்திறன். பிறகு 1400, 1600. இரண்டு பவர் கார், நடுவில் ஆறு சாதாரணப் பெட்டி என்று எட்டுப் பெட்டித் தொடராக ஓடுவதுதான் அதிகம் கண்ணில் பட்டது. முன் கேபினில் திருப்புகிற கைப்பிடிக்குப் பின்முனை இன்ஜினும் கேபிள் வழியே கட்டுப்படும்.

அந்தக் கேபிள் வித்தை பழசு. பல பெட்டிகளின் மோட்டார்களை ஒரே கேபினிலிருந்து ஆட்டுவிக்கும் முறையை ஃபிராங்க் ஸ்பிரேக் 1897-இல் சிகாகோவின் உயர்மட்ட ரயிலுக்காகச் செய்து காட்டினார். 1933-இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய ‘பறக்கும் ஹாம்பர்க்காரன்’ டீசல்-மின்சார வண்டிதான். இதையெல்லாம் விட நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் பக்கத்துத் தீவில் இருக்கிறது. சிலோன் அரசு ரயில்வே 1938-லேயே இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் மூன்று டீசல் தொடர்கள் வாங்கி, சில்வர் ஃபோம், சில்வர் ஸ்பிரே, சில்வர் மிஸ்ட் என்று பெயர் வைத்து ஓட்டியது. எஸ்-1 என்ற வகை எண் அவற்றுக்குத்தான். இந்திய ரயில்வேயின் முதல் டெமு பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் ஓடத் தொடங்கியது 1994-இல். கொழும்பு கடற்கரையில் ஓடி ஐம்பத்தாறு வருஷம் கழித்து.

அந்த டெமுக்கள் பிறந்த இடம் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை. வீட்டு வாசலில் தயாராகும் பண்டம் தெற்குச் சீமைக்கு வர வெகுநாள் ஆயிற்று.

வந்ததும் கோவில்பட்டிக்கு அல்ல. 1876-இல் தென்னிந்திய ரயில்வே போட்ட மதுரை–தூத்துக்குடிப் பாதையில் நீராவி வண்டி ஓடியது, மீட்டர்கேஜ் டீசல் ஓடியது, அகலப்பாதை ஆனது, மின்கம்பி வந்தது, இப்போது இரட்டைப் பாதையும் ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவே கோவில்பட்டி வழியாகப் போன பாசஞ்சர்கள் இன்ஜின் இழுத்த வண்டிகளாகவே இருந்தன. டெமு வந்து எட்டிப் பார்த்தது கரிசலின் வடகரையில்: விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகும் ஒற்றைப் பாதையில்.

1960-களில் மீட்டர்கேஜாகப் போட்ட பாதை அது. நீளம் 66 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அகலப்பாதையாக மாற்றி 2013-இல் திறந்தார்கள். காரைக்குடி–விருதுநகர் டெமு அதில் ஓடத் தொடங்கியது. நெசவு ஊரான அருப்புக்கோட்டையைத் தவிர்த்துப் பார்த்தால் பெரிய ஊர் என்று எதுவும் வழியில் இல்லை. திருச்சுழி மட்டும் உலகத்துக்கே தெரிந்த ஊர், ரமண மகரிஷி பிறந்ததால். அவருடைய வாழ்க்கையிலும் ஒரு ரயில் குழப்பம் உண்டு. 1896-இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பையன் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே பாதை போட்டாயிற்று என்பது வண்டியில் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் பிறந்த ஊருக்கு ரயில் வர அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

இனி குறைக்கு வருவோம். டெமு என்ற வண்டியின் உயிரே போய்வருவதில்தான் இருக்கிறது. ஊரை அடைந்து பத்து நிமிஷத்தில் திரும்ப முடியும் என்பதற்காகத்தான் இரண்டு முனையிலும் கேபின் வைத்து, இரண்டு பவர் காருக்குச் செலவழித்து, உட்காரும் இடத்தை இன்ஜினுக்கு விட்டுக்கொடுத்து அதைச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை விருதுநகர்–காரைக்குடி பாதையில் நாளுக்கு ஒரு போக்கு, ஒரு வரத்து என்று ஓட்டினார்கள். இன்ஜின் கழற்றி மாட்டும் வண்டியாக இருந்தாலும் இதே நேர அட்டவணைதான் போட்டிருக்க முடியும். பிறகு எதற்கு டெமு? பாசஞ்சர் ரயிலை நிறுத்தாமலும் கூட்டாமலும் சமாளிக்க ஒரு வழியாக அது பயன்பட்டது என்றே தோன்றுகிறது. அருப்புக்கோட்டைக்காரர்களிடம் ரயில் என்றால் சென்னை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸைப் பற்றித்தான் பேச்சு. வாரத்தில் சில நாள் வரும் வண்டிக்கு இருக்கிற மவுசு தினமும் வரும் வண்டிக்கு இல்லை என்றால் கோளாறு மக்களிடம் இல்லை. தவறவிட்டால் அடுத்தது நாளைக்குத்தான் என்கிற வண்டியை நம்பி யாரும் வேலை தேடமாட்டார்கள். சீசன் டிக்கெட்டும் எடுக்கமாட்டார்கள். கூட்டம் இல்லை, அதனால் வண்டியைக் கூட்ட முடியாது என்று பிறகு கணக்குக் காட்டுவார்கள்.

சின்ன ஸ்டேஷன்களின் அருமையை இலக்கியம் முன்பே பார்த்துவிட்டது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் குமாரபுரம் என்று ஓர் இடம். பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அதை வைத்துத்தான் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ கதையை எழுதினார். ஊரே கண்ணில் படாத பொட்டல் காட்டில் எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று வெளியூர்க்காரர் ஒருவர் நினைக்கிறார். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேரப் போகும் கிராமத்துப் பையன்கள் ரயில் ஏறுவது அங்கிருந்துதான். கதையின் அழகு வேறு; அதை அங்கேயே போய்ப் படித்துக்கொள்ளலாம். போக்குவரத்துக் கணக்காக மட்டும் பார்த்தாலும், சுற்றுப்பட்டிப் பிள்ளைகளைக் காலையில் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து சாயங்காலம் திருப்பி அனுப்புவதுதான் இந்தப் பாதையின் இயல்பான வேலை. தீப்பெட்டி ஆபீஸ், மில், கல்லூரி, கோர்ட், ஆஸ்பத்திரி என்று இன்று அந்தத் தேவை பல மடங்கு. அந்த ஆட்களை எல்லாம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம்.

டெமுவை வைத்துக்கொண்டு ரயில்வே அடித்த வேடிக்கைகளுள் தலையாயது இந்தப் பக்கம் நடந்ததல்ல, டெல்டாவில். திருவாரூர்–காரைக்குடிப் பாதையை அகலமாக்கி 2019 ஜூன் முதல் தேதி டெமு விட்டார்கள். 149 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. காரணம் வண்டி அல்ல, கேட். வழிநெடுக லெவல் கிராசிங், கேட்கீப்பர் போடவில்லை. அதனால் கேட்கீப்பரை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப்போய் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த வண்டி சராசரியாக மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை. பின்னர் கேட்களுக்கு ஆள் போட்டதும் நேரம் குறைந்தது. பல கோடி கொட்டிப் பாதை போட்டுவிட்டுக் கேட்டுக்குச் சம்பளம் கொடுக்க யோசித்த கதை, ரயில்வே வரலாற்றில் தனி அத்தியாயத்துக்குத் தகுதியானது.

வண்டியிலும் குறை இல்லாமல் இல்லை. ஆரம்பகால டெமு பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு என்று வடிவமைத்ததை நான்கு மணி நேரப் பாதையில் ஓட்டினால் என்ன ஆகும் என்று முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் கேட்க வேண்டும். பின்னால் வந்த தொடர்களில் கழிப்பறை வைத்தார்கள். பவர் காரில் இடம் பிடித்தவருக்கு இன்ஜின் சத்தமும் சூடும் இலவசம். சித்திரை வெயிலில் கரிசலைக் கடக்கும்போது அந்தச் சூடு கூடுதலாகவே தெரியும். புறப்படும் வேகத்திலும் டெமு பெரிய சூரன் அல்ல. மின்கம்பியில் ஓடும் மெமு அதை எளிதாக முந்திவிடும். டெமுவின் பலம் ஒன்றே ஒன்று, திரும்புவது.

ஆனாலும் இங்கிலாந்துக்காரர்கள் பட்டதை ஒப்பிட்டால் நம் பாடு தேவலை. 1980-களில் பிரிட்டிஷ் ரயில்வே கிளைப்பாதைகளில் செலவைக் குறைக்க ‘பேசர்’ என்றொரு வண்டியைக் கொண்டுவந்தது. லேலண்ட் பஸ்ஸின் உடம்பை எடுத்து, இரண்டே அச்சுள்ள சரக்கு வேகன் மாதிரியான அடிச்சட்டத்தில் உட்கார வைத்த வண்டி அது. நம் எண்ணூர் அசோக் லேலண்டுக்குப் பெயர் தந்த அதே லேலண்ட். வளைவில் கிறீச்சிடும், தூக்கிப்போடும். தற்காலிக ஏற்பாடு என்று வந்த வகை முழுசாக ஓய்வு பெற 2021 ஆகிவிட்டது.

தூக்கிப்போடுவது பற்றிப் பேசும்போது மண்ணைப் பற்றியும் பேச வேண்டும். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். விவசாயிக்கு இது ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண். மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைவது அந்தக் குணத்தால்தான். ரயில்வே இன்ஜினீயருக்கு அதே குணம் தலைவலி. கரிசல் மேல் நேராக ஜல்லி கொட்டினால் மழைக்காலத்தில் ஜல்லி சேற்றுக்குள் இறங்கும், சேறு மேலே ஏறும், தண்டவாள மட்டம் மாறும். அதனால் ஊதாத நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே போர்வையாகக் கெட்டிப்படுத்தி, அதன்மேல்தான் ஜல்லி போடுவார்கள். கரிசலில் புதுப்பாதை என்றால் செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு செலவில் போட்ட பாதையில் நாளுக்கு ஒரு வண்டி ஓட்டுவது எந்த ஊர் சிக்கனம் என்று தெரியவில்லை.

கட்டண விஷயத்தில் இன்னொரு கூத்து. கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. நிற்கிற ஸ்டேஷன் அதேதான், பெட்டி அதேதான். குறைந்தபட்ச டிக்கெட் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது. பழைய 10 ரூபாய் திரும்பியது 2024 பிப்ரவரிக் கடைசியில். நான்கு வருஷத்தில் பஸ்ஸுக்குப் பழகிவிட்டவர்களைத் திரும்ப அழைக்க டிக்கெட் விலை மட்டும் போதாது.

பெரம்பூரில் செய்த வண்டி கடல் கடந்து நன்றாகவே பிழைத்தது என்பது ஓர் ஆறுதல். 2011 வாக்கில் ஐ.சி.எஃப். தொடர்கள் எஸ்-11 என்ற வகைப் பெயரில் இலங்கைக்குப் போயின. அடுத்து எஸ்-13 போயிற்று. 2019 ஜனவரி 27 அன்று கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உத்தரதேவி புதுப்பிறப்பெடுத்தது அந்த எஸ்-13 தொடரில்தான். போரில் தண்டவாளமே பெயர்க்கப்பட்டு, பல்லாண்டு ரயில் இல்லாமல் கிடந்த வடக்குப் பாதையில், தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் உருவான வண்டி யாழ்ப்பாணத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. 1938-இல் முந்திக்கொண்ட தீவு இப்போது நம்மிடம் வாங்குகிறது.

உள்நாட்டில் டெமுவின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்குவதில் ரயில்வே குறியாக இருக்கிறது. விருதுநகர்–மானாமதுரைப் பாதைக்கே கம்பி வந்துவிட்டது. கம்பிக்குக் கீழே டீசலை எரித்து ஓட்டுவதில் அர்த்தம் இல்லை. இடையில் டெமுவைக் காப்பாற்றச் சில முயற்சிகள் நடந்தன. 2017 ஜூலையில் டெல்லியில் சூரிய மின்தகடு பொருத்திய டெமு ஒன்றைக் கொடியசைத்து அனுப்பினார்கள். ‘சோலார் ரயில்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. தகடு கொடுத்த மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும்தான். வண்டியை இழுத்தது வழக்கமான டீசலே. இப்போது நடப்பது கொஞ்சம் பெரிய வேலை. ஹரியானாவில் ஜீந்த்–சோனிபத் இடையே 89 கிலோமீட்டர் பாதைக்காக, டெமுவின் டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் மின்கலன் வைத்த பவர் காரை உருவாக்கி, 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.-இல் சோதித்தார்கள். இருமுனை வண்டி என்ற அமைப்பு அதில் அப்படியே இருக்கிறது, தீனிதான் மாறியிருக்கிறது.

தெற்கே கேட்க வேண்டியது இவ்வளவு பெரிய விஷயம்கூட அல்ல. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்கு சுமார் 143 கிலோமீட்டர் புதுப்பாதை 2011-12 பட்ஜெட்டில் ஒப்புதல் பெற்றது. சுத்தமான கரிசல் பூமியை நடுவாகக் கிழித்துப் போகும் பாதை. பதினான்கு வருஷத்தில் முடிந்தது தூத்துக்குடியை அடுத்த மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை, 18 கிலோமீட்டர். மிச்சம் முடிந்த பிறகுதான் பயணிகள் வண்டி என்றால் இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். முட்டுச்சந்து மாதிரி முடிகிற 18 கிலோமீட்டரில் ஓட்டத் தோதான வண்டி இருமுனை வண்டிதான். மற்ற பாதைகளில் கம்பி வந்ததால் வேலை இழந்து நிற்கும் டெமு ஒன்றைக் கொண்டுவந்தால் போதும். காலையில் தூத்துக்குடிக்கு இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. மேல்மருதூரில் இன்ஜின் சுற்றிவர மாற்று லைன் வேண்டாம், கழற்றி மாட்ட ஆள் வேண்டாம். கேட்டுக்கு மட்டும் முதல் நாளே ஆள் போட்டுவிட வேண்டும்.